பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லறைக் கல்லிலோ, தேவாலயச் சுவர்ப் பலகையிலோ, போர் வரலாற்று நூலின் அடிக்குறிப்பிலோ ஒரு அதிகாரியின் பெயர் கிடைக்கிறது. அவர் எப்போது படையில் சேர்ந்தார், எப்படிப் பதவி உயர்ந்தார், எந்தப் போர்க்களத்தில் உண்மையிலேயே நின்றார் என்று தேடப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் போரிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆள் மாறிப் போவது அங்கேதான். சரியான வரிசை: முதலில் எந்தப் படை, அடுத்து ஆளின் அடையாளம், பிறகு பதவித் தேதிகள், பிறகு அவர் இருந்த இடம், கடைசியில்தான் போர். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை வைத்தே நகர்வதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுப் பெயர், உறுதியான ஒரு தேதி, ஒரு ரெஜிமெண்ட்டின் பெயர் அல்லது எண். மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். குடும்பப் பெயர் மட்டும் இருந்தால் தேடலைத் தொடங்காதீர்கள். அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலான ஆர்மி லிஸ்ட்டின் ஒரே ஆண்டு அட்டவணையில் கேம்ப்பெல், ஸ்டூவர்ட் போன்ற பெயர்கள் வரிசையாக நிற்கும்.

ஒரு விரிதாளைத் திறந்து ஏழு பத்திகள் போடுங்கள்: தேதி, ரெஜிமெண்ட் பதவி, ராணுவப் பதவி, படைப்பிரிவு, இருந்த இடம், ஆதாரம், குறிப்பு. ரெஜிமெண்ட் பதவிக்கும் ராணுவப் பதவிக்கும் தனித்தனிப் பத்தி எதற்கு என்பது நான்காம் படியில் விளங்கும். ஆதாரப் பத்தியில் பக்க எண்வரை எழுதுங்கள். ஐம்பது வரிகள் சேர்ந்த பிறகு எந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஊர்ப் பெயர்களின் அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முன்கூட்டியே சேகரித்துவையுங்கள். பாளையங்கோட்டை, வாலாஜாபாத், திருச்சி, திருநெல்வேலி ஆகியவற்றை இன்றைய எழுத்தில் தேடினால் பழைய பதிவுகளில் ஒன்றும் கிடைக்காது. பாலம்கோட்டா, டிரிச்சினாபோலி, டின்னவெல்லி என்று அன்று எழுதிய வடிவங்களில் தேட வேண்டும்.

2. எந்தப் படை என்பதை முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் போரிட்ட பிரிட்டிஷ் அதிகாரி எல்லோரும் ஒரே படையைச் சேர்ந்தவர்கள் அல்லர். 1858 வரை இரண்டு தனித்தனி அமைப்புகள் இருந்தன. ஒன்று, மன்னர் அல்லது ராணியின் படை. மற்றொன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. கம்பெனிப் படையும் வங்காளம், மெட்ராஸ், பம்பாய் என மூன்றாகப் பிரிந்திருந்தது. பதவி உயர்வு விதி, ஆவணங்கள் இருக்கும் இடம், பெயர்ப் பட்டியல் எல்லாமே இதைப் பொறுத்து மாறும். லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனி அதிகாரி ஒருவரின் பணிப் பதிவைத் தேடுவது வீண். அது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும்.

ரெஜிமெண்ட்டின் பெயரை வைத்து அடையாளம் காணலாம். 'ஃபுட்', 'லைட் டிரகூன்ஸ்', 'ஹுஸார்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் அரசப் படை. 'நேட்டிவ் இன்ஃபான்ட்ரி', 'லைட் கேவல்ரி' என்று வந்து முன்னால் மாகாணப் பெயரும் இருந்தால் கம்பெனிப் படை. 1806 வேலூர்க் கிளர்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் இருந்த 69-வது ஃபுட்டும், ஆற்காட்டிலிருந்து லெப்டினன்ட் கர்னல் ரோலோ கில்லஸ்பியுடன் வந்த 19-வது லைட் டிரகூன்ஸும் அரசப் படை. கிளர்ந்தெழுந்த முதலாம் ரெஜிமெண்ட்டின் முதல் பட்டாலியனும் 23-ஆம் ரெஜிமெண்ட்டின் இரண்டாம் பட்டாலியனும் மெட்ராஸ் கம்பெனிப் படை. ஒரே கோட்டை, ஒரே நாள். ஆவணங்களோ இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் இருக்கின்றன.

இதில் ஒரு பொறி உண்டு. கம்பெனி தனக்கென வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொண்ட ரெஜிமெண்ட்டுகளையும் வைத்திருந்தது. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் எனப்பட்ட முதலாம் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட் அவற்றில் ஒன்று. சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்ற ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் அந்த ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர். வெள்ளையர் ரெஜிமெண்ட் என்பதால் அவரை ராணியின் படை அதிகாரி என்று எழுதிவிடுகிறார்கள். அவர் 1827-ல் சேர்ந்தது மெட்ராஸ் கம்பெனிப் படையில்.

3. ஆளை அடையாளப்படுத்துங்கள்

பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது. பெயர், முதல் கமிஷன் (அதிகாரியாக நியமனம்) தேதி, முதல் ரெஜிமெண்ட் மூன்றும் சேர்ந்ததே அடையாளம். ஒரே பெயரில் தந்தையும் மகனும், சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஒரே மாகாணப் படையில் இருந்த குடும்பங்கள் ஏராளம். முதல் கமிஷன் தேதி கிடைத்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

கம்பெனி அதிகாரி என்றால் தொடங்க வேண்டிய இடம் கேடட் விண்ணப்பத் தாள்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் எல்/மில்/9 வரிசையில் 1789 முதல் 1860 வரையிலான தாள்கள் இருக்கின்றன. ஞானஸ்நானச் சான்று, கல்வி விவரம், எந்த இயக்குநர் பரிந்துரைத்தார் என்ற குறிப்பு ஆகியவை அதில் கிடைக்கும். பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் போனவர்கள் பொதுவாக 1809 முதல் 1861 வரை இயங்கிய ஆடிஸ்கோம் பயிற்சிப் பள்ளி வழியாக வந்தவர்கள். அவர்களின் தாள்கள் அதே வரிசையில் தனித் தொகுதியாக உள்ளன.

அரசப் படை அதிகாரி என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை) 31 வரிசையைப் பாருங்கள். 1793 முதல் 1870 வரை கமிஷன் கேட்டு வந்த கடிதங்கள் அங்கே உள்ளன. யார் சிபாரிசு செய்தார், பதவியை விலைக்கு வாங்கப் பணம் கட்டத் தயாரா என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, டபிள்யூ.ஓ. 97-ல் அதிகாரியைத் தேடுவது. அது ஓய்வூதியம் பெற்று விலகிய சாதாரணச் சிப்பாய்களின் தாள்கள். அதே பெயருள்ள சிப்பாய் ஒருவர் அங்கே அகப்பட்டு, அவருடைய பிறந்த ஊர் அதிகாரியின் வரலாற்றில் ஏறிவிடும். ஒருமுறை அச்சில் ஏறிய அந்தத் தவறைப் பிறகு யாராலும் இறக்க முடிவதில்லை.

4. பதவித் தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

முழு வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். இதில் நேரம் செலவழித்தால் மற்றவை தானாக எளிதாகும்.

அரசப் படைக்கு அதிகாரபூர்வ ஆர்மி லிஸ்ட்டும், ஹார்ட் என்ற அதிகாரி 1839-ல் தொடங்கிய ஹார்ட்ஸ் ஆர்மி லிஸ்ட்டும் உள்ளன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இரண்டையும் பெருமளவில் மின்னாக்கம் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. கம்பெனிப் படைக்கு 1803 முதல் 1860 வரை வந்த ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர். வங்காளப் படைக்கு மட்டும் 1758 முதல் 1834 வரை சேர்ந்தவர்களுக்கு ஹாட்சன் தொகுத்த நான்கு தொகுதிப் பட்டியல் உண்டு. மெட்ராஸ் அதிகாரியை அதில் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

எல்லா ஆண்டுகளையும் புரட்ட வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒன்றாகப் பாருங்கள். இரண்டு பட்டியல்களுக்கு இடையே பதவியோ ரெஜிமெண்ட்டோ மாறியிருந்தால் மட்டும் நடுவிலுள்ள ஆண்டுகளைத் திறந்து பாருங்கள். அட்டையில் உள்ள ஆண்டை நம்பாதீர்கள். ஜனவரியில் வந்த பட்டியல் அதற்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். நீராவிக் கப்பலுக்கு முந்தைய காலத்தில் மெட்ராஸ் செய்தி லண்டன் சேரவே பல மாதம் ஆனது. இறந்தவர் அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் உயிரோடு நிற்பார்.

இனி ரெஜிமெண்ட் பக்கத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு தேதிப் பத்திகள் இருக்கும்: ரெஜிமெண்ட்டில் பதவி, ராணுவத்தில் பதவி. இரண்டாவது பத்தியில் உயர்ந்த பதவி இருந்தால் அது பிரெவெட். போரில் காட்டிய திறமைக்கு அரசு தரும் மதிப்புப் பதவி அது. ரெஜிமெண்ட்டுக்குள் அவர் பழைய இடத்திலேயே இருப்பார். கார்னெட் வோல்ஸ்லி 1852 மார்ச்சில் 12-வது ஃபுட்டில் என்சைனாக (காலாட்படையின் தொடக்கப் பதவி) சேர்ந்தார். அடுத்த மாதமே 80-வது ஃபுட்டுக்கு மாறினார். 1855-ல் கேப்டன். 1858-ல் பிரெவெட் மேஜர், 1859 ஏப்ரலில் தன் 25-ஆம் வயதில் பிரெவெட் லெப்டினன்ட் கர்னல். அந்த நாளில், அப்போது அவர் இருந்த 90-வது லைட் இன்ஃபான்ட்ரியின் பக்கத்தில் அவர் கேப்டன்தான். இரண்டு பத்திகளையும் கலந்துவிட்டால் அவர் ஒரு பட்டாலியனைத் தலைமை தாங்கியதாக எழுதிவிடுவீர்கள்.

லண்டனின் கார்ட்ஸ் ரெஜிமெண்ட்டுகளுக்கு வேறொரு சலுகை இருந்தது. அங்கே கேப்டனாக இருப்பவர் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். 1871 வரை நீடித்த இந்த இரட்டைப் பதவியைப் பிரெவெட் என்று பதியாதீர்கள்.

பிரிகேடியர் என்பதையும் கவனியுங்கள். இந்தியாவில் அது ஒரு பொறுப்பு, நிலையான பதவி அல்ல. பொறுப்பு முடிந்ததும் பழைய பதவிக்குத் திரும்புவார். 'லோக்கல்', 'டெம்பரரி' என்ற சொற்கள் முன்னால் வந்தாலும் அப்படியே. குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். பதவிப் பத்தியில் ஏற்றாதீர்கள்.

தொடக்கப் பதவியின் பெயரும் காலத்தைக் காட்டும். காலாட்படையில் என்சைன், குதிரைப்படையில் கார்னெட், ரைஃபிள் படையில் செகண்ட் லெப்டினன்ட்; பீரங்கி, பொறியியல் படைகளில் முதலில் செகண்ட் லெப்டினன்ட், பின்னாளில் நேராக லெப்டினன்ட். 1871-ல் என்சைனும் கார்னெட்டும் சப்-லெப்டினன்ட் ஆயின. 1877-ல் அந்தப் பெயரும் செகண்ட் லெப்டினன்ட் என்று மாறியது. 1880-ல் ஒருவர் என்சைனாகச் சேர்ந்தார் என்று எங்காவது படித்தால் அந்த ஆதாரத்தின் மற்ற தகவல்களையும் சந்தேகியுங்கள்.

5. ஒவ்வொரு உயர்வும் எப்படி வந்தது என்று கெஜட்டில் சரிபாருங்கள்

தேதி கிடைத்தால் போதாது, காரணமும் வேண்டும். அரசப் படையின் ஒவ்வொரு நியமனமும் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்தது. அதன் இணையத் தேடல் இலவசம். அறிவிப்பு ஒரே வாக்கியத்தில் மூன்று செய்திகளைச் சொல்லும்: யார் எந்தப் பதவிக்கு வருகிறார், பணம் கட்டியா கட்டாமலா, யாருடைய இடத்தில். 'வைஸ்' என்ற சொல்லுக்குப் பின் வரும் பெயர் முன்பு அந்த இடத்தில் இருந்தவருடையது. அவர் இறந்தாரா, ஓய்வு பெற்றாரா, உயர்ந்தாரா என்பதும் அங்கேயே இருக்கும்.

பணம் என்றால் எவ்வளவு? அரசு விதித்த விலைப்படி சாதாரணக் காலாட்படை ரெஜிமெண்ட்டில் என்சைன் 450 பவுன், லெப்டினன்ட் 700, கேப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ட் கர்னல் 4,500. குதிரைப்படையில் கார்னெட் பதவிக்கே 840. இதற்கு மேல் ரகசியமாகக் கைமாறிய தொகை எந்த ஆவணத்திலும் நேராக வராது. உயரும்போது முழு விலையும் கட்டுவதில்லை, இரண்டு பதவிகளின் வித்தியாசத்தை மட்டும் கட்டுவார்கள். எனவே கேப்டன் ஆனவர் 1,800 பவுன் புதிதாகக் கொடுத்தார் என்று எழுதாதீர்கள். லெப்டினன்ட் பதவியிலிருந்து உயர்ந்தவர் கட்டியது 1,100.

பணம் இல்லாதவர் காத்திருந்தார். ஹென்றி ஹேவ்லாக் 1815-ல் சேர்ந்தார், கேப்டன் ஆனது 1838-ல். இடையில் முதல் பர்மியப் போர் வந்துபோனது. இந்த 23 ஆண்டுகளைத் திறமைக்குறைவு என்று படிப்பது தவறு. பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் பணம் கட்டி மேலே போனார்கள்.

பீரங்கிப் படை, பொறியியல் படை, கம்பெனிப் படை மூன்றிலும் விலைக்கு வாங்குவது கிடையாது. 1871 நவம்பர் 1-க்குப் பிறகு எங்குமே கிடையாது. கம்பெனியில் மூப்பு வரிசை: மேஜர் வரை அந்தந்த ரெஜிமெண்ட்டுக்குள், அதற்கு மேல் மாகாணப் படை முழுவதற்கும் பொதுவாக. மேலே உள்ளவர் இறந்தாலோ விலகினாலோதான் நகர்வு. ஆகவே கம்பெனி அதிகாரியின் உயர்வு வேகத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு மேலே இருந்த நான்கைந்து பேரின் கதியையும் பாருங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். கம்பெனி என்சைனை லண்டன் கெஜட்டில் தேடுவார்கள். கிடைக்காது. உடனே அவர் அதிகாரியே அல்ல என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கம்பெனியின் ரெஜிமெண்ட் உயர்வுகள் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டிலும், 1816 முதல் 1845 வரை வந்த ஏஷியாட்டிக் ஜர்னலிலும் வந்தன. இந்தியப் போர்களின் தளபதி அறிக்கைகள் மட்டும் லண்டன் கெஜட்டிலும் இருக்கும்.

கெஜட்டில் தேடும்போது குடும்பப் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொடுங்கள். ரெஜிமெண்ட் எண்ணைச் சேர்த்தால் எழுத்துணரி மென்பொருள் அந்த எண்ணைத் தவறாகப் படித்திருக்கும், சரியான பக்கம் தவறிப்போகும். அப்படியும் வராவிட்டால் தேதிக்கு அடுத்த நான்கு வாரங்களின் இதழ்களைக் கண்ணால் புரட்டுங்கள்.

6. பணிப் பதிவுக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்

தேதிகள் கையில் வந்த பிறகுதான் இந்தக் கோப்புகள். முன்பே திறந்தால் கையெழுத்தைப் படிக்கவும் முடியாது, தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அரசப் படைக்கு டபிள்யூ.ஓ. 25 வரிசையில் ஐந்து கணக்கெடுப்புகள் உள்ளன. 1809-10, 1828, 1829, 1847, 1870-72. இவற்றில் 1828 ஓய்வு பெற்றவர்களுக்கும் அரைச் சம்பளக்காரர்களுக்கும் (பணியில் இல்லாமல் பாதிச் சம்பளம் பெற்றவர்கள்), 1829 பணியில் இருந்தவர்களுக்கும், 1847 அரைச் சம்பளக்காரர்களுக்கும் உரியது. டபிள்யூ.ஓ. 76 ரெஜிமெண்ட்டுகளே வைத்திருந்த பதிவேடு. அது எல்லா ரெஜிமெண்ட்டுக்கும் கிடைக்காது. கம்பெனிக்கு எல்/மில்/10 வங்காளம், 11 மெட்ராஸ், 12 பம்பாய். நீலின் பணியை எல்/மில்/11-ல்தான் தேட வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் 2023 அக்டோபர் சைபர் தாக்குதலில் முடங்கியதால், கோப்பு எண்ணை நூலகத்துக்கு எழுதி உறுதி செய்துகொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

1828, 1829 தாள்களை அதிகாரிகளே தங்கள் கையால் நிரப்பினார்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய தேதியை நினைவிலிருந்து எழுதியவரும் உண்டு. திருமணத் தேதிக்கும் பிள்ளைகளின் பிறப்புக்கும் அந்தத் தாள் அருமையான ஆதாரம். பதவித் தேதியில் முரண் வந்தால் கெஜட்டையே பின்பற்றுங்கள்.

7. ஒவ்வொரு ஆண்டும் ஆள் எங்கே இருந்தார்?

ரெஜிமெண்ட் போருக்குப் போனது என்பதும் அதிகாரி போருக்குப் போனார் என்பதும் இரண்டு தனிச் செய்திகள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் எழுதியவைதான் இணையத்தில் உலவும் தவறான வரலாறுகளில் பெரும்பகுதி.

அதிகாரி ரெஜிமெண்ட் பட்டியலில் இருந்துகொண்டே வேறெங்கோ இருக்கப் பல காரணங்கள். நில அளவை, சாலைப் பணி, சமஸ்தான ரெசிடென்ட்டின் (பிரிட்டிஷ் பிரதிநிதி) உதவியாளர், தளபதி அலுவலகம், நோய் விடுப்பு. கம்பெனியில் பத்தாண்டுப் பணிக்குப் பின் மூன்றாண்டு நீண்ட விடுப்பு எடுத்து இங்கிலாந்து போகலாம். நீலையே பாருங்கள். 1852-ல் தொடங்கிய இரண்டாம் பர்மியப் போரில் அவர் தளபதி அலுவலகப் பணியில் இருந்தார். கிரிமியப் போர்க் காலத்தில் துருக்கியப் படைப்பிரிவுடன் இருந்தார். அந்த ஆண்டுகளிலும் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் பட்டியலில் அவர் பெயர் தொடர்கிறது.

அரசப் படைக்கு டபிள்யூ.ஓ. 17 மாதாந்திர அறிக்கைகளும் டபிள்யூ.ஓ. 12 சம்பள மஸ்டர் புத்தகங்களும் இருக்கின்றன. ரெஜிமெண்ட் எந்த ஊரில், எந்த அதிகாரி இல்லை, ஏன் இல்லை என்பதெல்லாம் அவற்றில் தெரியும். சண்டை நடந்த மாதத்தையும் அதற்கு முன்பின் மாதங்களையும் மட்டும் பாருங்கள், போதும். மெட்ராஸ் படையின் அதிகாரிக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ராணுவத் துறைப் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். இந்தியாவிலேயே இருக்கும் இந்த ஆவணங்களை விட்டுவிட்டு லண்டனையே நம்பிக் கிடப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டு பட்டாலியன் கொண்ட ரெஜிமெண்ட் என்றால் எந்தப் பட்டாலியன் என்பதை உறுதி செய்யுங்கள். 1879 ஜனவரி 22 அன்று ஜூலூ நாட்டில் இசண்டில்வானாவில் அழிந்ததில் பெரும்பகுதி 24-வது ரெஜிமெண்ட்டின் முதல் பட்டாலியன். அன்றே அருகிலிருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் காவல் முகாமைக் காத்தது இரண்டாம் பட்டாலியனின் பி கம்பெனி. '24-வது' என்று மட்டும் எழுதி வைத்தால் உயிரோடு இருந்தவரைக் கொன்றுவிடுவீர்கள்.

8. இப்போது போர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மூன்று ஆதாரங்களை ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள்: தளபதியின் அறிக்கை, பதக்கப் பட்டியல், ஹார்ட்ஸ் லிஸ்ட்டின் போர்ப்பணிக் குறிப்பு. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் எழுதலாம். ஹார்ட்ஸின் குறிப்பு பெரும்பாலும் அதிகாரி தந்த தகவல் என்பதை மறக்காதீர்கள்.

பதக்கப் பட்டியல்கள் டபிள்யூ.ஓ. 100-ல் உள்ளன. பதக்கத்தின் நாடாவில் கோர்த்த, போரின் பெயரோ ஆண்டோ பொறித்த பட்டையான கிளாஸ்ப்தான் உண்மையான செய்தி. 1857 கிளர்ச்சிப் பதக்கத்துக்கு டெல்லி, லக்னோ பாதுகாப்பு, லக்னோ மீட்பு, லக்னோ, மத்திய இந்தியா என ஐந்து கிளாஸ்ப்கள். பதக்கம் இருந்து கிளாஸ்ப் இல்லாவிட்டால் அந்தப் பெரிய முற்றுகைகள் எதிலும் அவர் இல்லை என்று பொருள். 1877-79 தென்னாப்பிரிக்கப் பதக்கத்தில், பிரிட்டிஷ் காலனியான நட்டாலின் எல்லைக்குள்ளேயே நின்றவர்களுக்குக் கிளாஸ்ப் இல்லை.

பதக்கம் இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் போரில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1803 முதல் 1826 வரையிலான இந்தியப் போர்களுக்கான ஆர்மி ஆஃப் இந்தியா பதக்கம் வழங்கப்பட்டது 1851-ல். அன்று உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கே அது கிடைத்தது. பாளையக்காரர் போர்களுக்கும் வேலூருக்கும் கிளாஸ்பே கிடையாது. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தவரைப் பதக்கப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

ஒரே களத்தில் இரண்டு அதிகாரிகள் இருந்தால் யார் தலைமை என்பதை நான்காம் படியின் தேதிகளே சொல்லும். ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் ப்ராம்ஹெட் 1867-ல் என்சைனாகச் சேர்ந்தவர். பொறியியல் படையின் சார்ட் 1868 ஜூலையில் சேர்ந்தவர். முன்னால் சேர்ந்தவர் ப்ராம்ஹெட் என்றாலும் சார்ட்டே தலைமை ஏற்றார். சார்ட் சேரும்போதே லெப்டினன்ட், ப்ராம்ஹெட் லெப்டினன்ட் ஆனது 1871-ல். படையில் சேர்ந்த தேதி இதை முடிவு செய்வதில்லை. அந்தப் பதவியைப் பெற்ற தேதிதான் கணக்கு.

9. ரெஜிமெண்ட் பெயர் மாற்றங்களை இணைக்கவும்

ஒரே படைப்பிரிவு நான்கு பெயர்களில் வரும். 1824-ல் கம்பெனியின் இரண்டு பட்டாலியன் ரெஜிமெண்ட்டுகள் பிரிக்கப்பட்டுப் புது எண்கள் பெற்றன. 1860-களின் தொடக்கத்தில் கம்பெனியின் ஐரோப்பிய ரெஜிமெண்ட்டுகள் அரசப் படைக்கு மாறின. நீலின் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 102-வது ஃபுட் ஆனது. 1881 ஜூலையில் எண்கள் போய் வட்டாரப் பெயர்கள் வந்தன. 102-வது, ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. 24-வது, சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆனது. 1903-ல் இந்தியப் படை முழுவதும் மறுஎண்ணிடப்பட்டபோது மெட்ராஸ் காலாட்படை எண்களோடு 60 கூடியது. மூன்றாம் மெட்ராஸ் காலாட்படை 63-வது பாலம்கோட்டா லைட் இன்ஃபான்ட்ரி, 23-வது மெட்ராஸ் காலாட்படை 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபான்ட்ரி ஆயின.

விரிதாளில் அந்தந்தத் தேதியில் வழங்கிய பெயரையே எழுதுங்கள். பின்னாளின் பெயர் குறிப்புப் பத்திக்குப் போகட்டும்.

1861-க்குப் பிந்தைய இந்தியப் படை அதிகாரி பலர் 'ஸ்டாஃப் கோர்' என்ற பொதுப் பட்டியலுக்கு மாறினார்கள். அங்கே 12 ஆண்டில் கேப்டன், 20 ஆண்டில் மேஜர், 26 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். மேலிடம் காலியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் இவர்களின் உயர்வுக்கு 'வைஸ்' தேடாதீர்கள்.

10. இறப்பு, கல்வெட்டு, உயில்

மெட்ராஸ் மாகாண அடக்கப் பதிவுகள் இந்தியா ஆபீஸின் என்/2 வரிசையில் உள்ளன, வங்காளம் என்/1, பம்பாய் என்/3. கல்லறைக் கல்வெட்டுகளுக்கு ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-ல் வெளிவந்த மெட்ராஸ் மாகாணப் பட்டியல் இன்றும் பயன்படுகிறது. கல் உடைந்து எழுத்து அழிந்த இடங்களில் அதுதான் துணை.

கல்வெட்டில் உள்ள பதவியை அப்படியே எடுக்காதீர்கள். குடும்பம் உயர்ந்த பதவியைத்தான் பொறிக்கும். அது பிரெவெட்டாகவோ லோக்கலாகவோ இருக்கலாம்.

11. எழுதும்போது

சம்பவம் நடந்த நாளின் பதவியை எழுதுங்கள். 'மேஜர் ஜெனரல் சர் ரோலோ கில்லஸ்பி வேலூரை மீட்டார்' என்ற வாக்கியத்தில் இரண்டு தவறுகள். 1806 ஜூலை 10 அன்று அவர் லெப்டினன்ட் கர்னல், மேஜர் ஜெனரல் ஆனது 1812-ல். 'சர்' பட்டமோ அவர் உயிரோடு இருக்கும்போது வரவே இல்லை. 1814 அக்டோபர் 31 அன்று நேபாளப் போரில் நாலாபானிக் கோட்டை முன் இறந்தார். இறந்த செய்தி லண்டன் சேரும் முன்பே, 1815 ஜனவரி தொடக்கத்தில், 'சர்' பட்டம் தரும் கே.சி.பி. கௌரவம் அறிவிக்கப்பட்டது.

பணிப் பதிவு எதைச் சொல்லாது என்பதையும் எழுத வேண்டும். நீல் 1857 ஜூனில் பனாரஸிலும் அலகாபாத்திலும் இருந்தார் என்று அந்தப் பதிவுகள் சொல்லும். அவர் கட்டளையில் நடந்த கூட்டத் தூக்குகளையும் எரிந்த கிராமங்களையும் சொல்லாது. அவர் செப்டம்பர் 25 அன்று லக்னோவில் இறந்த பிறகு மெட்ராஸில் சிலை எழுந்ததற்கும், 1927-ல் அதை அகற்றக் கோரிப் போராட்டம் நடந்ததற்கும், 1937-ல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு மாற்றியதற்கும் காரணம் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அதை நிரப்பச் சிவில் அதிகாரிகளின் கடிதங்கள், அக்காலப் பத்திரிகைகள், உடன் இருந்தவர்களின் நாட்குறிப்புகள் வேண்டும். அவற்றுக்கு விரிதாளில் தனி வரி கொடுங்கள்.

அதே பதிவுகளில் சுபேதார்களும் ஜமேதார்களும் பெயரோடு வரும் இடங்கள் குறைவு. வரும்போது விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரைத் தேடிப் போன வழியில் கிடைக்கும் அந்தப் பெயர் வேறெந்த அட்டவணையிலும் இருக்காது. ஆதாரத்தோடு தனித்தாளில் குறித்துவையுங்கள்.

இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டு எதுவும் தீராவிட்டால் இரண்டு தேதிகளையும் ஆதாரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். நடுவான ஒரு தேதியைக் கணித்து எழுதாதீர்கள்.